படிக்கட்டா, மலையா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் ரோட்டில் போயிருக்கிறீர்களா? கோமுகி அணைக்குக் கிட்டே வந்தால் கல்வராயன் மலை கண் நிறையத் தெரியும். யாரோ கைவாக்கில் இழுத்துவிட்ட கோடு மாதிரி ஏறி, இறங்கி, மறுபடி ஏறிப் போகும். வடக்கே இருப்பது சின்னக் கல்வராயன், சராசரியாக 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், அது சுமார் 4,000 அடி. அந்தக் கோட்டை மனசுக்குள் ஒரு தரம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இப்போது மலையை விட்டு ஒரு பரணுக்கு வருவோம்.

கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, தேர்த்திருவிழா என்று முப்பது வருஷத்துக்கு மேல் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். அவர் வீட்டுப் பரணில் ஒரு பிலிப்ஸ் சி.டி. பிளேயர் கிடந்தது. 1980-களின் கடைசியில் துபாயிலிருந்து வந்த உறவுக்காரர் கொண்டுவந்தது. ஓடி வெகு காலமாயிற்று. சென்னையிலிருந்து யாரோ ஒருவர் போன் போட்டு அதற்கு விலை பேசியிருக்கிறார். பிளேயர் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கிற ஒரே ஒரு சிப் போதுமாம்! பழைய இரும்புக்கடைக்காரர் எடைக்குத் தருவதைப் போலப் பல மடங்கு விலை. அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது.

''தம்பி, ஓடாத பொட்டிக்கு இவ்ளோ தர்றேன்றாரு. பழைய சிப்பு, ஓவர்சாம்ப்ளிங் இல்லாமப் போட்டுக் கேட்டா அமிர்தமா இருக்குமாம். எங்க மாப்பிள்ளையக் கேட்டா, ஓவர்சாம்ப்ளிங் இல்லாட்டி அது வெறும் குப்பைன்றாரு. எதுதான் நெசம்?''

போனில் ரெண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயமா இது? நாற்பத்துச் சொச்சம் வருஷத்துப் பங்காளிச் சண்டை. அதிலும் நான் படித்தது பி.காம். ஆனால் தோண்டிப் பார்த்தபோது, இந்தச் சண்டையின் அடியில் கிடந்தது ஒரு சில்லறைத் தட்டுப்பாடு. அது நம்ம ஏரியாதானே!

முதலில் சண்டை எதைப் பற்றி என்று பார்த்துவிடலாம். இங்கேதான் மலை தேவைப்படுகிறது.

1802-ல் லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரர் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு ஆரம்பித்த சர்வே, இந்தியாவையே அளந்து முடித்தது. அவர் பரம்பரையில் ஒரு சர்வேயர் கல்வராயன் மலையை அளப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு அடிக்கு ஒரு தரம் நிற்கிறார். அந்த இடத்தின் உயரத்தை நோட்டில் எழுதுகிறார். அடுத்த நூறு அடி. மறுபடி எழுதுகிறார். கடைசியில் அவர் கையில் இருப்பது மலை இல்லை, ஒரு நோட்டு நிறைய எண்கள்.

சி.டி. என்பது அந்த நோட்டுதான். பாட்டு ஒரு மலைக்கோடு. அதன் உயரத்தை ஒரு செகண்டுக்கு 44,100 தடவை அளந்து எழுதியிருக்கிறார்கள். (ஏன் இப்படி ஒரு விநோத எண்? டிஜிட்டல் ஒலியை ஆரம்பத்தில் வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 அளவு, 245 வரி, செகண்டுக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள்.) ஒவ்வொரு உயரத்தையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறார்கள். இதற்குத்தான் 16 பிட் என்று பெயர்.

இந்த நோட்டைப் படித்து மறுபடி மலையை வரைந்து காட்டும் சிப்புதான் டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர். சுருக்கமாக டி.ஏ.சி. ஆர்வலர்கள் வாயில் 'டேக்'. உங்கள் செல்போனில் இருக்கிறது, டி.வி.யில் இருக்கிறது, காரில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் சி.டி.யும் எம்.பி.3-யும் வெறும் கணக்குப் புத்தகம்.

வரைவது எப்படி? மலையையே பார்க்காத ஒருவரிடம் நோட்டைக் கொடுங்கள். முதல் உயரத்தில் ஒரு நேர்கோடு இழுப்பார். அடுத்த எண் வந்ததும் சட்டென்று அந்த உயரத்துக்குத் தாவி, மறுபடி நேர்கோடு. வரைந்து முடித்தால் மலை இருக்காது, திருப்பதி படிக்கட்டு மாதிரி ஒன்று இருக்கும். ஓவர்சாம்ப்ளிங் இல்லாத டேக் செய்வது இதைத்தான். ஆங்கில எழுத்துகளில் சுருக்கி 'என்.ஓ.எஸ்.' என்பார்கள்.

இன்னொருவர் இருக்கிறார். அவர் பேனாவைத் தொடுவதற்கு முன்னால் கணக்குப் போடுகிறார். நோட்டில் இருக்கும் இரண்டு எண்களுக்கு நடுவே இன்னும் மூன்று எண்கள் என்னவாக இருக்கும் என்று கண்டுபிடித்து எழுதிக்கொள்கிறார். அப்புறம் வரைகிறார். படிகள் நாலில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும். இதுதான் நாலு மடங்கு ஓவர்சாம்ப்ளிங்.

''நோட்டில் இல்லாததை அவர் எப்படி எழுதலாம்? கள்ளக் கணக்கு!'' என்பது என்.ஓ.எஸ். கட்சியின் கோஷம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1928-ல் நைக்விஸ்ட் அடித்தளம் போட்டு, 1949-ல் ஷானன் முறையாக நிரூபித்துக் கொடுத்த ஒரு கணக்கு இருக்கிறது. எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். அளந்த இடைவெளியைப் போல இரண்டு பங்கைவிடக் குறுகலான மேடு பள்ளம் மலையில் இல்லை என்றால், அந்த எண்கள் வழியாகப் போகக்கூடிய மலை ஒன்றே ஒன்றுதான். இன்னொரு மலைக்கு இடமே கிடையாது. அதனால் நடுவில் எழுதுகிற மூன்று எண்களில் ஊகம் கிடையாது. நோட்டுக்குள் ஏற்கெனவே ஒளிந்திருக்கிற எண்கள் அவை. சி.டி. விஷயத்தில், செகண்டுக்கு 22,050 அதிர்வுக்குக் கீழே இருக்கிற எல்லா ஒலிக்கும் இது பொருந்தும். மனுஷக் காதுக்கு உச்சமே 20,000 என்பதால் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது.

அப்படியானால் படிக்கட்டு எங்கிருந்து வந்தது? வரைந்தவரிடமிருந்து வந்தது. படியின் அந்தக் கூர்மையான மூலைகள் எல்லாம் 22,050-க்கு மேலே புதிதாக முளைத்த ஒலிகள். அவற்றைச் சீவித் தள்ளினால் படிக்கட்டு தேய்ந்து மலை வந்துவிடும். சீவுவதற்கு ஃபில்டர் என்று பெயர். அதை எங்கே வைப்பது, எப்படி வைப்பது, வைக்கவே வேண்டுமா என்பதில்தான் மொத்தக் குடுமிப்பிடியும்.

இனி சரித்திரம்.

1979 மார்ச் 8. ஹாலந்து நாட்டின் ஐந்தோவன் நகரம். நம் தாத்தா வீட்டு ரேடியோவில் பெயர் பொறித்திருக்குமே, அதே பிலிப்ஸ் கம்பெனி, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றைப் பாடவைத்துக் காட்டியது. ஊசி கிடையாது, தேய்மானம் கிடையாது. அடுத்து ஜப்பானுக்குப் போய் சோனியோடு கைகுலுக்கினார்கள். இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஒரே சட்டம் எழுதுவதாக ஏற்பாடு.

சம்பந்தம் பேச உட்கார்ந்தால் சீர்வரிசையில் தகராறு வராமல் இருக்குமா? பிலிப்ஸ் 14 பிட் போதும் என்றது. சோனி 16 பிட்டுக்குக் குறைந்து பேச்சே இல்லை என்றது. தட்டின் அகலம் 11.5 சென்டிமீட்டர் என்றது பிலிப்ஸ். 12 என்றது சோனி. (பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனி முழுசாக அடங்க வேண்டும் என்றுதான் தட்டு அகலமானது என்று ஒரு கதை உண்டு. அந்தக் குழுவில் இருந்த பிலிப்ஸ் பொறியாளர் இம்மிங்க்கே அதை நம்பவில்லை. வியாபாரக் கணக்குதான் காரணம் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சி.) 1980 ஜூனில் சட்டம் தயாரானபோது இரண்டிலும் சோனி ஜெயித்திருந்தது.

பிலிப்ஸுக்கு வந்தது வினை. அவர்கள் கையில் தயாராக இருந்தது டி.டி.ஏ.1540 என்கிற 14 பிட் சிப்! நோட்டிலோ 65,536 படிகள். இந்தச் சிப்புக்குத் தெரிந்ததோ 16,384. அதாவது நோட்டின் நாலு படிக்கு இவர்களிடம் ஒரே படி. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு 16 பிட் சிப் செய்ய உட்கார்ந்தால் சோனி கடை திறந்து கல்லா கட்டிவிடும்.

இங்கேதான் சில்லறைத் தட்டுப்பாடு வருகிறது.

உங்கள் தெருமுனைக் கடையில் பால் விலை பத்தே கால் ரூபாய் என்று வையுங்கள். கடைக்காரரிடமும் நாலணா இல்லை, உங்களிடமும் இல்லை. (2011 ஜூன் 30-க்குப் பிறகு அது செல்லவும் செல்லாது.) என்ன செய்வீர்கள்? முதல் நாள் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுக் கால் ரூபாயைப் பாக்கி வைப்பீர்கள். இரண்டாம் நாள் பத்து, பாக்கி அரை. மூன்றாம் நாள் பத்து, பாக்கி முக்கால். நாலாம் நாள் பதினொன்றாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவீர்கள். கையில் நாலணாவே இல்லாமல் பத்தே கால் ரூபாயைத் துல்லியமாகக் கொடுத்தாயிற்று! ஒரே நிபந்தனை, ஒரு தடவைக்குப் பதில் நாலு தடவை கொடுக்க வேண்டும்.

பிலிப்ஸ் பொறியாளர்கள் செய்தது அச்சாக இதையேதான். ஓர் எண் வருகிற நேரத்தில் நாலு எண் அனுப்பினார்கள். வெட்டிப்போன பாக்கியை அடுத்த எண்ணோடு சேர்த்துக்கொண்டே போனார்கள். இதற்கென்றே எஸ்.ஏ.ஏ.7030 என்று தனியாக ஒரு சிப். 1982-ல் அவர்களே எழுதிவைத்த கணக்கு இது. 14 பிட்டுக்கு 84 டெசிபல் சுத்தம். நாலு மடங்கு வேகத்தால் 6. பாக்கியை முன்னே கொண்டுபோவதால் 7. ஆக 97. 16 பிட் சிப்பிடம் எதிர்பார்க்கிற அளவு வந்துவிட்டது.

'கேரி ஃபார்வர்டு' என்று நாங்கள் லெட்ஜரில் எழுதியதற்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று காலேஜில் யாரும் சொல்லவில்லை.

1982 அக்டோபர் 1. ஜப்பானில் சோனியின் சி.டி.பி.-101 கடைக்கு வந்தது. விலை 1,68,000 யென். உள்ளே நிஜமான 16 பிட் சிப், ஓவர்சாம்ப்ளிங் கிடையாது. ஆனால் சிப் எகிறிய விலையோ என்னவோ, ஒரே ஒரு கன்வர்ட்டர்தான். இடது காதுக்கு ஒரு தரம், வலது காதுக்கு ஒரு தரம் என்று மாறி மாறி வேலை பார்த்தது. ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் செகண்டில் பத்து லட்சத்தில் 11 பங்கு தாமதம்! படிக்கட்டைச் சீவ, செங்குத்தான சுவர் மாதிரி ஒரு அனலாக் ஃபில்டர். 20,000 வரை விட வேண்டும், 22,050-க்கு மேல் விடவே கூடாது. நடுவில் இருக்கிற அந்தக் குறுகல் சந்தில் லாரி திருப்புகிற வேலை.

1983 மார்ச்சில் ஐரோப்பாவில் பிலிப்ஸின் சி.டி.-100 வந்தது. 14 பிட், நாலு மடங்கு. இரண்டு காதுக்கும் தனித்தனி சிப். படிகள் சிறுத்துவிட்டதால் வேண்டாத ஒலியெல்லாம் 1,76,400-க்குப் பக்கத்தில் தூக்கி எறியப்பட்டுவிட்டது. அனலாக் ஃபில்டருக்கு மைதானம் அகலத்துக்கு இடம் கிடைத்தது, எளிமையான ஃபில்டரே போதும். சில்லறைக்காகச் செய்த ஏற்பாட்டில் இப்படி ஓர் உபரி லாபம்.

1985-ல் பிலிப்ஸிடமும் 16 பிட் சிப் வந்துவிட்டது. டி.டி.ஏ.1541. நாலணா கிடைத்துவிட்டது, இனி பாக்கி வைக்கத் தேவையில்லை. ஆனாலும் நாலு மடங்கை அவர்கள் விடவில்லை. ஃபில்டர் வேலை சுலபமாகிறதே! சோனியும் மற்றவர்களும் அதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது பொறியியல் பாதி, புடவைக்கடைத் தள்ளுபடி பாதி. நீ நாலு மடங்கா, நான் எட்டு. 1980-களின் கடைசியில் ஒரே ஒரு பிட்டை வைத்துக்கொண்டு 256 மடங்கு என்று பிலிப்ஸே 'பிட்ஸ்ட்ரீம்' விற்றது. பெட்டியின் முகப்பில் பெரிய எண்ணாகப் போட்டால் விற்கிறது என்பது தெரிந்துவிட்டால் எந்த வியாபாரி சும்மா இருப்பார்?

இதற்கு எதிர்ப்பு கிளம்பியதும் ஜப்பானில்தான். 1996, 97-ல் 'எம்.ஜே.' என்ற ஆடியோ பத்திரிகையில் ரியோஹெய் குசுநோகி என்பவர் எழுதினார். ஓவர்சாம்ப்ளிங்கைத் தூக்கி எறி, ஃபில்டரையும் எறி, படிக்கட்டை அப்படியே காதுக்குக் கொடு, காதே சீவிக்கொள்ளும்! சோனியின் முதல் பிளேயரில்கூடச் சீவுவதற்கு ஃபில்டர் இருந்தது. இவர் அதையும் வேண்டாம் என்றார்.

குசுநோகியின் முக்கிய ஆயுதம் கடிகாரம். எண்ணைச் சரியாக எழுதினால் போதாது, சரியான நேரத்தில் அனுப்பவும் வேண்டும். 16 பிட்டை ஓவர்சாம்ப்ளிங் இல்லாமல் அனுப்ப, நேரத்தில் 173 பிகோ செகண்டு வரை பிசகலாம். அதையே எட்டு மடங்கு, 20 பிட் என்று போனால் 1.35 பிகோ செகண்டுதான் பிசகலாம். ஒரு பிகோ செகண்டு என்பது ஒரு செகண்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. எந்தக் கடிகாரத்தால் முடியும் என்று கேட்டார்.

மிரட்டலான கணக்குதான். ஆனால் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். சி.டி.யில் இருக்கிற சரக்கே 16 பிட்தான். அதற்கு 20 பிட் தராசின் நுணுக்கத்தைக் கேட்டுவிட்டு, தராசு ஆடுகிறது என்று புகார் சொன்னால் எப்படி?

இன்னொரு புகாரில் உண்மை இருக்கிறது. தவிலில் ஓர் அடி விழுகிறது. டிஜிட்டல் ஃபில்டர் வழியாக வரும்போது அந்த அடிக்கு முன்னாலும் பின்னாலும் குட்டிக் குட்டி அலைகள் ஒட்டிக்கொள்கின்றன. அடி விழுவதற்கு முன்னாலேயே எதிரொலியா என்று என்.ஓ.எஸ்.காரர்கள் கொதிக்கிறார்கள். அலைகள் இருப்பது நிஜம். ஆனால் அவை இருப்பது 22,000 பக்கத்தில். உங்கள் வீட்டு நாய்க்குக் கேட்கலாம்.

பதிலுக்கு என்.ஓ.எஸ். என்ன இழக்கிறது? 10,000 அதிர்வில் முக்கால் டெசிபல் குறையும். அது பெரிசில்லை. 20,000-க்குப் போனால் 3 டெசிபலுக்கு மேல் குறைகிறது. கூடவே, 20,000-ல் ஓர் ஒலி வந்தால் 24,100-ல் ஏறக்குறைய அதே பலத்தில் ஒரு பேய் ஒலியும் வருகிறது. காதுக்குக் கேட்காதுதான். ஆனால் ஆம்ப்ளிஃபையர் கொஞ்சம் சுமாரானது என்றால் அந்தப் பேயும் நிஜமும் அங்கே மோதிக்கொண்டு, கேட்கிற இடத்தில் ஒரு குட்டியைப் போடும்.

ஆனாலும் குசுநோகியின் யோசனை பரவியது. ஜப்பானின் 47 லேபரட்டரி அதை வைத்து டேக் செய்து விற்றது. இங்கிலாந்தில் ஆடியோ நோட் அதே பாதையில் போனது. டி.டி.ஏ.1543 என்கிற எட்டுக் கால் மலிவு சிப்பை வாங்கி வீட்டிலேயே பற்றவைக்கிற கூட்டம் உலகம் முழுக்கச் சேர்ந்தது. நிறையப் பேர் கேட்டுவிட்டு, 'மென்மையாக இருக்கிறது, பழைய இசைத்தட்டு மாதிரி இருக்கிறது' என்றார்கள். உச்சத்தில் 3 டெசிபல் குறைந்தால் கொஞ்சம் மென்மையாகத்தானே இருக்கும்!

அதே 1996-ல்தான் நம்மூரில் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடு வந்தது. புரொஜக்டருக்குப் பக்கத்தில் தட்டு சுழல, அதிலிருந்து எடுத்த எண்கள் தியேட்டர் முழுக்கச் சத்தமாக மாறின. தமிழ்நாடு டிஜிட்டலைக் கொண்டாட ஆரம்பித்த வருஷத்தில், சி.டி. பிளேயரை முதலில் கடைக்குக் கொண்டுவந்த நாட்டில் ஒருவர் பாதியைக் கழற்றி வீச வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

சரி, அண்ணனுக்கு வருவோம். அவர் விசிறி, பழைய சினிமாப் பாட்டுக்கு. அந்தப் பாட்டுகள் பதிவான ஆப்டிகல் ஒலித்தடத்தில் 8,000 அதிர்வுக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. என்.ஓ.எஸ். குறைப்பதோ அதற்கு மேலே இருப்பதைத்தான். கேட்கிற எங்கள் காதுகளும் லேசுப்பட்டவை அல்ல. நாற்பதைத் தாண்டிய என் காது 15,000 வரை போனாலே ஆச்சரியம். அவருடையது முப்பது வருஷம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்ற காது.

அதனால் அவரிடம் இப்படிச் சொன்னேன். நோட்டில் இருக்கிற மலையைச் சரியாக வரைவது ஓவர்சாம்ப்ளிங்தான், அதில் மாப்பிள்ளை கட்சி ஜெயிக்கிறது. சென்னைக்காரர் கேட்கிற அமிர்தம் அவர் ருசி. அதற்குக் காசு கொடுப்பது அவர் இஷ்டம்.

''அப்ப அந்தச் சிப்புக்கு ஏன் தம்பி அவ்ளோ வெல?''

அதுவும் ஒரு வேடிக்கை. அண்ணன் பிளேயரைத் திறந்து படம் எடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே இருப்பது டி.டி.ஏ.1541-ஏ. அதன் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. அவற்றிலேயே பொறுக்கி எடுத்த உசத்திக்கு பிலிப்ஸ் மேலே ஒரு கிரீடம் அச்சடித்து விற்றது. இன்றைக்கு அந்தக் கிரீடத்தைப் போலியாக அச்சடித்து விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். இவருடையதில் கிரீடம் இல்லை. பக்கத்திலேயே எஸ்.ஏ.ஏ.7220 என்று இன்னொரு சிப் உட்கார்ந்திருந்தது. அதுதான் நாலு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் செய்கிற சிப். பிலிப்ஸ் இரண்டையும் ஜோடியாகத்தான் வைத்து விற்றது. என்.ஓ.எஸ். அன்பர்கள் இந்த ஜோடியைப் பிரித்து, 7220-ஐப் பிடுங்கி எறிந்துவிட்டு, 1541-ஐத் தனியாகப் பாடவைக்கிறார்கள்.

''கட்டினவளத் தொரத்திட்டு இவன மட்டும் கூட்டிட்டுப் போறேன்றாரா!'' என்றார் அண்ணன்.

பிளேயர் ஏன் ஓடவில்லை என்று அப்போதுதான் கேட்டேன். தட்டு வெளியே வராதாம். அனேகமாக ட்ரேயை இழுக்கிற ரப்பர் பெல்ட் இளகியிருக்கும் என்றேன். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பெல்ட்டுக்கா பஞ்சம்?

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பின்னால் ஏதோ பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

''பொட்டி ஓடுது தம்பி. சென்னைக்காரரு மறுபடி கூப்புட்டாரு. ஓடாத பொட்டிக்கே அந்த வெலன்னா, ஓடுற பொட்டிக்கு ரெண்டு பங்குன்னு சொல்லிட்டேன்.''

''என்ன சொன்னார்?''

''யோசிச்சுச் சொல்றேன்னாரு. நான் பாட்டு கேட்டுட்டு இருக்கேன்.''